இரண்டரை

கோயிம்ப்ரா மருத்துவமனை திருப்பி அனுப்பிய பெட்டியில்
நானூறு ஊசிக்குழல்கள். ஊசி இல்லாதவை,
குழந்தை வாயில் மருந்து விடுவதற்கானவை.
கூடவே அரைப்பக்கக் கடிதம்:
ஒரு தாயின் கட்டைவிரலோடு போய்விட்டதாம்
இரண்டரை என்ற கோடும் எண்ணும்.
நடுச்சாமம். காய்ச்சல்.
அவள் குத்துமதிப்பாகக் கொடுத்திருக்கிறாள்.
குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக்
கடைசி வரியில்தான் எழுதியிருந்தார்கள்.

பெட்டிக்குப் பெட்டி என் கையெழுத்து:
ஒடீலியா, தரப் பரிசோதனை.
மரீஞ்ஞா கிராந்தியில் ரொட்டிக்கடைக்காரிக்கும் அது தெரியும்.

பாலிப்ரொப்பிலீன் நல்ல பிள்ளைதான்.
மருந்தைக் கெடுக்காது, கொதிநீருக்கு அஞ்சாது,
ஆனால் எதையும் தன்மேல் தங்கவிடாது.
ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன்.
உருண்டு நின்றது,
உட்காரச் சொல்லாத வீட்டில் கடன் கேட்க வந்தவன் மாதிரி.

டெல்மோ முனையைப் பொருத்தினான்.
அழுத்தக் காற்று, மின்சாரம்,
நுனியில் விரற்கடை நீளம் ஊதாச் சுடர்.
தீயா என்றேன்.
தீ மாதிரி, என்றான், நின்றால் உருக்கும், கடந்தால் உருக்காது.
இடி விழுந்த மறுநிமிட வாசனை அடித்தது.
மூச்சில் இழுக்காதே, ஓசோன், விசிறியைப் போடு.

குழல் சுழன்று கடந்தது. ஒரு நொடிகூட இல்லை.
கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.
மறுபடி ஒரு சொட்டு:
அப்படியே படுத்துப் பரவிக்கொண்டது.
மை பூசி, விளக்கில் உலர்த்தி,
டேப்பை ஒட்டி வெடுக்கென்று பிய்த்தேன்.
டேப் வெறுமையாக வந்தது.
இருவரும் சிரித்தோம். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஜூன் பத்து விடுமுறை. இடையில் ஒரு நாளைப்
பாலம் போட்டு நான்கு நாள் மூடினோம்.
சுடர் பட்ட ஆறாயிரம் குழல்கள்
கூடைகளில் காத்திருந்தன.
செவ்வாயன்று அச்சிட்டோம். பிய்த்தேன்.
ஐந்து, இரண்டரை, ஒன்று,
வரிசை குலையாமல் டேப்போடு வந்துவிட்டன,
அளவுகோலையே உரித்தெடுத்த மாதிரி.

யாரும் தொடவில்லை. தூசி இல்லை, ஈரம் இல்லை.
திறந்த முனைகள் மெல்ல உள்ளே திரும்பிக்கொள்ளும்
என்றான் டெல்மோ, நாள் ஆக ஆக.
எனக்குக் கோபம் வரவில்லை.
வெள்ளிக்கிழமை தம்பிக்குப் போன் செய்ய நினைத்திருந்தேன்.
செவ்வாய்க்குள் சொல்ல இருந்தது எங்கோ போயிருந்தது.

முனையைப் பெயர்த்து
அச்சு எந்திரத்தின் தோளோடு கொண்டுபோய் வைத்தோம்.
சுடருக்கும் மைக்கும் இடையில் இரண்டு முழம்.
டெல்மோ சாப்பிடும் மேசைக்கு இடமில்லாமல் போனது;
இரண்டு நாள் முணுமுணுத்தான்.

விதிப்படி சாராயத் துணியால் ஐம்பது தேய்ப்பு.
நான் துணியைப் போட்டுவிட்டு
விரலை நனைத்துத் தேய்த்தேன். நூறு. இருநூறு.
அவள் விரல் எப்படியோ,
மருந்துப் பிசுக்கோ, வியர்வையோ, பயமோ.
என் விரல் நுனி வெளுத்துச் சுருங்கியது.
இரண்டரை, இரண்டரையாகவே இருந்தது.

பேனாவை எடுத்தேன்.