மூன்றாம் பாகம்

இடைவேளைக்குப் பிறகுதான் அவன் அழுகிறான்.
கொட்டும் மழையில், துறைமுகத்து கன்டெய்னர்களுக்கு நடுவே,
ஏழு நிமிடம். நான் கடிகாரம் பார்த்தேன்.
முன்வரிசையில் யாரோ விசிலடிக்கிறான்.
மூன்று படமாக வேறொருவனாக வாழ்ந்த போலீஸ்காரன்
தன் இரண்டு பெயர்களையும்
கடலைப் பார்த்துக் கத்துகிறான்.
கடல் நீலமாக, சுத்தமாக இருக்கிறது.
காசிமேட்டில் எடுக்கவில்லை.

முதல் பாகத்தை தேசிங்கோடு பார்த்தேன்.
தண்டையார்பேட்டையில், இதே தியேட்டர்,
அப்போது ஏசி கிடையாது, நாற்காலியில் மூட்டைப்பூச்சி.
நான் டில்லி. ஐஸ் உடைக்கிற டில்லி.
திரையில் அவன் போலீஸ் என்று தெரியவந்த இடத்தில்
தேசிங்கு சமோசாவைப் பாதி பிய்த்து என் கையில் வைத்து,
"இப்டி ஒருத்தன் நம்ம கூட இருந்தான்னு வையி,
மூஞ்சப் பாத்தே சொல்லிருவேன்டா" என்றான்.
சமோசா சூடு.
கண்ணில் தண்ணீர் வந்ததற்கு
அதைத்தான் காரணம் சொன்னேன்.

அவன் பெண்டாட்டி கன்னியம்மாளுக்குக்
கூடப் பிறந்தவர்கள் இல்லை.
அதனால் குழந்தைக்குக் காது குத்தும்போது
என் மடி.
தட்டான் ஊசியை எடுத்ததும் அது
என் சட்டைப் பொத்தானைக் கடித்துப் பிய்த்தது.
வாய்க்குள் விரலை விட்டு எடுத்தேன்.
தாய்மாமன் சீராக அரை கிராமில் கம்மல்.
வண்ணாரப்பேட்டைக் கடை ரசீதை
அந்த மாதச் செலவுக் கணக்கோடு சேர்த்து அனுப்பினேன்.
பாஸானது.
ஓரத்தில் அதிகாரி எழுதியிருந்தார்:
நல்ல முன்னேற்றம்.

இரண்டாம் பாகத்துக்கு ஆபீஸில் டிக்கெட் எடுத்தார்கள்.
தேசிங்கு செத்துப் பதினோராம் நாள்.
எண்ணூர் ரோடு, விடிகாலை நாலு மணி.
எந்த வண்டி, எந்த வழி, தனியாகத்தான் வருவான்,
எல்லாம் நான் சொன்னது.
தப்பி ஓட முயன்றபோது என்று எழுதினார்கள்.
அவனுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம்.
மாடிப்படி இறங்க என் தோள் வேண்டும்.
அந்தப் படத்தின் கதை ஞாபகமில்லை.
பாப்கார்னில் உப்பு அதிகம்.

இன்றைக்குத் தனியாக வந்தேன்.
க்ளைமாக்ஸில் அவன்
செத்தவனின் மகளைத் தேடிப் போகிறான்.
அவள் கதவைத் திறக்கிறாள். அறைகிறாள்.
வயலின் வாசிக்கிறார்கள்.
தியேட்டரே மூக்கை உறிஞ்சுகிறது.

என்னை யாரும் அறைய மாட்டார்கள்.
கன்னியம்மாளுக்கு இன்றுவரை தெரியாது.
கதவைத் திறந்தால்,
"மாமா வந்துகீதுடி, தண்ணி எடுத்தா" என்று
உள்ளே குரல் கொடுப்பாள்.
அதற்காகத்தான் பதினாறு வருஷமாக
அந்தத் தெருவை விட்டுவிட்டுச்
சுற்றிப் போகிறேன்.

மணி ஒன்றரை. பார்க்கிங் டோக்கன்
எந்தப் பாக்கெட்டிலும் இல்லை.
பையன் கொட்டாவியோடு நோட்டைப் பிரித்தான்.
"பேர் சொல்லு சார்."
சொன்னேன்.
ஆர்.சி. புக்கில் டார்ச் அடித்தான்.
"இதுல சற்குணம்னு கீது. நீ டில்லின்ற?"

கடைசி ஆட்களும் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
பையனே ஒரு வழி சொன்னான்:
"அண்ணன் வண்டியா?"

"ஆமா."

"அவுரு வர்லியா படத்துக்கு?"

"இல்லப்பா,
அவுரு இந்த மாரி படம்லாம்
பாக்க மாட்டாரு."