மேல் காய்தல்

பாலில் தோய்த்து ரஸ்க் நீட்டினேன்.
வாங்கினாள். கடிக்கவில்லை.
கையிலேயே வைத்திருந்தாள்,
கரைந்து முழங்கைவரை ஒழுகும் மட்டும்.

அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

நாளைக்கு ஆறுதரம் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு
கிணற்றடிக்கு ஓடுகிறவள்
இன்று செருப்பைக் கடந்து போனாள்.
பூனை வந்தது. பார்த்தாள். விட்டுவிட்டாள்.
"என்ன மிஃப்றா, உம்மாவத் தேடுதா?" என்றேன்.
றிஸ்மியா முந்தாநாள் தொட்டுக் கல்முனை ஆசுபத்திரியில்,
இரண்டாவதைப் பெற்ற கட்டிலில்.
ஏக்கம் என்று நினைத்தேன்.
இரண்டு வயதில்
ஏக்கத்துக்கும் காய்ச்சலுக்கும்
முகம் ஒன்றுதான் போல.

இஷா முடிந்து வந்து இருந்தேன்.
மடியில் ஏறிச் சுருண்டாள்.
நெற்றியில் கை வைத்தேன்.
ஒன்றும் தெரியவில்லை.

பதினொரு வருடம் சம்மாந்துறையில்
நெல்லவிக்கிற மில்லில் மூடி திறந்த கை இது.
ஆவி தின்ற கை. உமிச்சாம்பல் தின்ற கை.
கொதிக்கிற தேத்தண்ணிக் கோப்பையை
அடியில் ஏந்திக் குடிக்கிறவன் என்று
கடையில் என்னைப் பகிடி பண்ணுவார்கள்.
இந்தக் கைக்கு
உலகம் முழுவதும் ஒரே சூடு.

மற்றக் கையை வைத்தேன்.
அதுவும் அப்படித்தான்.

அலுமாரியில் தெர்மோமீட்டர் கிடந்தது.
அமத்தினேன். ஒரு கோடு மினுங்கி
அணைந்தது. பெற்றரி.
போனை எடுத்தேன், வைத்தேன்.
வயிற்றில் தையலோடு கிடப்பவளிடம்
எப்படிக் கேட்பது,
உன் மகள் சுடுகிறாளா என்று
அங்கிருந்து தொட்டுச் சொல்லு?

அப்போதுதான் களம் ஞாபகம் வந்தது.
நெல் காய்ந்ததா என்று
நாங்கள் கையால் பார்ப்பதில்லை.
ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைப்போம்.
நொறுங்குகிற சத்தம் சொல்லும்.
நெல்லும் காயும் என்கிறோம், மேலும் காயும் என்கிறோம்;
ஒரே சொல்லை இத்தனை வருடம்
இரண்டு இடத்தில் வைத்துப் புழங்கியிருக்கிறேன்.

குனிந்து அவள் நெற்றியில் உதட்டை வைத்தேன்.
கொஞ்சுவதற்கு அல்ல.

சுட்டது.

உதடு சொன்னதைக் கழுத்தடி ஒத்துக்கொண்டது.
கமுக்கட்டில் கன்னத்தை வைத்தேன், அங்கும்தான்.
பாதம் மட்டும் வாளித் தண்ணியில் கிடந்ததுபோல் குளிர்ந்து
என்னை ஏமாற்றப் பார்த்தது.
மூச்சு குறுகக் குறுக வந்தது.
கண்ணில் ஒரு பளபளப்பு,
அழுகையில்லாத பளபளப்பு.
மாலையில் அது இருந்ததா?
இருந்தது. நான் லைட் வெளிச்சம் என்று நினைத்தேன்.

குளிரும் என்று நான் போட்ட கம்பளிச் சட்டையை
நானே கழற்றினேன்.
நளீமின் ஆட்டோ வயலோரம் போகையில்
எதிர்க்காற்று அவளுக்குப் படாமல்
என் முதுகை வெளியே கொடுத்திருந்தேன்.

நூற்றிரண்டு என்றாள் நேர்ஸ்.
"எப்ப தொடங்கின?"
மில்லில் எதற்கும் நேரக் கணக்கு உண்டு.
நினைத்துப் பார்த்துச் சொன்னேன்:
"ரஸ்க் திங்காத நேரம்."
அவள் பேனையை நிறுத்தி
என்னைப் பார்த்தாள்.
"நாலு மணி இருக்கும்" என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

மருந்து கொடுத்தார்கள், நிறுத்துப் பார்த்து, அளந்து.
மூன்று நாள் விடாமல் காய்ந்தால்
இரத்தம் பார்க்கக் கொண்டுவரச் சொன்னார்கள்.
சுபஹுக்கு முன் வீடு வந்தோம்.
மணிக்கொருதரம் உதட்டை வைத்தேன்.
நாலாவது தரம் உதடு உப்புக் கரித்தது.
வியர்வை. பிடரி மயிர் நனைந்திருந்தது.
இது நல்லதா என்று கேட்க ஆளில்லை.
நல்லது என்று
நானே முடிவு செய்தேன்.

ஏழு மணிக்கு றிஸ்மியா எடுத்தாள்.
புதுசு தொண்டை கிழிய அழுவது பின்னால் கேட்டது.
"மிஃப்றா தின்னுறாளா?"
"ம்."
"என்ன திண்டாள்?"
"ரஸ்க்."
"முழுசாவா?"

நான் பேசாமல் இருந்தேன்,
ஒரு மூச்சு நேரம்தான்.

"காச்சல் எத்தினை?" என்றாள்.