மாவு டப்பாவில் சாவி

பைசாந்து நகர நூலகத்தில் ஹீட்டர் ஒன்றுதான்.
அதையும் மேடைக்கே கொடுத்துவிட்டார்கள்.
ஜூலைக் குளிர்.
கீழே முப்பது பேர், ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை.
மேலே நாங்கள் மூவர்,
வருஷத்துக்கு ஒரு பிணத்தால் பிழைப்பவர்கள்.

"உங்கள் கதைகள் எங்கிருந்து வருகின்றன?"
எந்த ஊரிலும் முதல் கேள்வி இதுதான்.
இங்கே கேட்டவர் பல் மருத்துவர்.
பதில் சொல்ல வாய் திறந்தால்
கடைவாயைப் பார்க்கிறார்.

நெஸ்டர் இரிகோஷென் முந்திக்கொண்டார்.
அவருக்கு எல்லாமே செய்தித்தாளின் ஏழாம் பக்கம்.
காணாமல் போன காளை,
காணாமல் போன கணக்கர்,
இரண்டும் ஒரே வாரத்தில்.
"முடிச்சுப் போடுவது மட்டும்தான் என் வேலை."
சிரித்தார்கள்.

"ஒடிலியா, உங்களுக்கு?"
என் வழக்கமான பொய்யைச் சொன்னேன்:
ரயிலில் எதிரே இருந்தவருக்கு
வலது ஷூ மட்டும் நனைந்திருந்தது.
அப்படியொரு ரயிலில் நான் போனதேயில்லை.
எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியாது.
தெரியாது என்றால் புத்தகம் விற்காது.

பிறகு வில்மார் தெச்செரா.
ஒன்பது ஊர்களில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.
எங்கே இருமுவார் என்பதுகூட மனப்பாடம்.
எழுபத்தேழாம் வருஷம், அவருக்குப் பத்தொன்பது வயது,
இரவு ஒன்பதரைக்குப் போன் அடிக்கிறது.
ஒரு பெண். பேர் சொல்லவில்லை, பேர் கேட்கவில்லை.
"மாவு டப்பாவில் சாவி.
பதினொன்றுக்குள் வா. அதற்குமேல் படகு நிற்காது."
இங்கே இருமல்.
"ராங் நம்பர்தான் நண்பர்களே. ஆனால் அந்தக் குரல்!
அதை வைத்தே பதினாறு நாவல் எழுதிவிட்டேன்."

கைதட்டல் ஓய்ந்த பிறகும்
மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தே இருந்தது.
சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை,
கட்டைவிரலில் வேறு நிற நூலில் தையல்.

"எந்த மாதம்?"
"ஆகஸ்ட்."
"உங்கள் வீட்டு நம்பர் பதினான்கில் முடியுமா?"
வில்மாரின் சிரிப்பு
இறங்க இடம் தெரியாமல் முகத்திலேயே நின்றது.
"ஆமாம். எப்படி…"
"என் அண்ணனுடையது நாற்பத்தொன்றில் முடியும்.
அவசரத்தில் அக்காவுக்கு எண்கள் இடம் மாறிவிடும்."

ஆற்றை இரவில் கடந்த வருஷங்கள் அவை.
அக்கரையும் அப்போது நல்ல கரையில்லை.
இருந்தும் கடந்தார்கள்.
அந்த மண்டபத்தில் இதை யாருக்கும்
விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?"

இதை யாரும் கேட்டதில்லை.
ஒன்பது ஊர்களில் நானும் கேட்டதில்லை.
தடயம் தேடுவதே தொழிலாயிருந்தும்
போனின் இந்த முனையில் ஒருவன் இருந்தானே என்று
தோன்றியதேயில்லை.

"சரி என்றேன்," என்றார் வில்மார்.
"ஏன் அப்படிச் சொன்னேனென்று தெரியவில்லை.
சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்."

"சரி," என்று அவள் திருப்பிச் சொன்னாள்,
கடைக்காரர் தந்த சில்லறையை எண்ணிப் பார்ப்பவள் போல.
"அக்காவும் அதைத்தான் சொல்வாள்.
பதினொன்றேகால் வரை துறையில் நின்றவள்.
விடியும்போது அவன் வீட்டு வாசலில் வண்டி வந்ததென்று
மறுநாள்தான் தெரியும்.
'சரி என்றானே, சரி என்றானே.'
போன மார்ச் வரைக்கும் சொன்னாள்."

கோபமாக இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.
கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.
நூலகர் காபி தயார் என்றார்.
யாரும் எழவில்லை.
வில்மாரின் விரல்கள் மைக்கை விடவில்லை;
அவற்றின் நடுக்கம் ஸ்பீக்கர்களில்
தகரக் கூரையில் மழை போலக் கேட்டது.
நெஸ்டர் அவர் தோளில் கைவைத்தார்,
எடுத்தார், மறுபடி வைத்தார்.

மேசைக்கு அடியில் என் கை
அழைப்பிதழின் பின்பக்கத்தில்,
பார்க்காமலே, எழுதிக்கொண்டிருந்தது:
கட்டைவிரலில் தையல். வேறு நிற நூல்.

நிமிர்ந்தேன்.
பல் மருத்துவர்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.