பதினைந்து ரூபாய் எட்டணா

சம்பளப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே
குடோன் உதவியாள் என்றிருக்கும்.
குடோன் சாவி எந்த ஆணியில் தொங்குகிறதென்று
சவேரிமுத்துவுக்குக் கடைசிவரை தெரியாது.

பந்து பிடிக்கத்தான் எடுத்தார்கள்.
ஏற்காட்டில் தோட்டக்காரத் துரைகளின் மேட்ச்.
தொலைகிற பந்தைப் பொறுக்கித் தர நின்றவன்
காபிச் சரிவுக்குள்ளிருந்து எறிந்த எறி
தரை தொடாமல் வந்து ஸ்டம்பைச் சாய்த்ததாம்.
ஹார்க்னஸ் துரை அன்றைக்கே ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தியெடுத்தபடி
சேலத்துக்கு இறங்கினான்,
எனக்குத் தெரிந்து
விளையாட்டுக்குக் கூலி வாங்கிய முதல் ஆள்.

மாதம் நாற்பத்திரண்டு ரூபாய்.
கேட்ச் ஒன்றுக்கு எட்டணா தனி.
ஓட்டம் தடுத்தால் காசில்லை.
"போகாத பந்தை எப்படியப்பா எண்ணறது?" என்றார்
கணக்கர் வரதாச்சாரி.
நியாயம்தான். ஸ்கோர் புத்தகம் எழுதியவன் நான்,
என் கட்டங்களிலும் அதற்கு இடமில்லை.
நான்காக வேண்டியதை அவன் ஒன்றில் நிறுத்தினால்
ஒன்று என்றுதான் எழுதுவேன்.
மிச்ச மூன்றுக்கும் ஓடியவன்
மூச்சு வாங்கிக்கொண்டு கொடிக்கம்பத்தடியில் நிற்பான்.

சுண்ணாம்புக்கரட்டு மைதானத்தில் புல் ஏது?
நடுவே தேங்காய்நார்ப் பாய், சுற்றிலும் செம்மண்,
எல்லைக்கோடு வெள்ளைக்கல் பொடி.
மற்றவர்கள் முட்டிக்குப் பயந்து பந்தை விடுவார்கள்.
இவன் விழுவான்.
ஞாயிறு பூசையில் மண்டியிட முடியாமல்
நின்றபடியே நன்மை வாங்குவான்.
சாமியாரும் மேட்ச் பார்க்கிறவர், ஒன்றும் சொல்லமாட்டார்.

நான்கேகாலுக்குச் சங்கு, பிறகு சுரங்கத்தில் வெடி.
ஆட்டம் நிற்கும், தூசி அடங்கும், தொடரும்.
ஆறு வருஷம் அப்படித்தான்.

கோவை மில்காரர்களோடு இறுதி ஆட்டம்,
மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள்.
சங்கு ஊதுகிறவன் லீவு.
வெடி வைக்கிறவனுக்கு லீவில்லை.
அவர்களுக்கு இன்னும் ஐந்து ஓட்டம், கடைசி விக்கெட்.
உயர்த்தி அடித்தான் ஒருவன்.
பந்து நாகரமலை உயரத்தில் இருக்கும்போது
வெடித்தது.
எல்லோரும் தலையைப் பொத்திக்கொண்டோம்.
வெள்ளை மேகமொன்று மைதானத்தின் அந்தப் பக்கத்தை விழுங்கியது,
அவனோடு, பந்தோடு.

வெளியே வந்தான்.
தலை, புருவம், மீசை எல்லாம் மாவில் புரட்டியெடுத்ததுபோல.
கையில் பந்து.

அம்பயர் கோடு தேடினார். கோடு எங்கே?
மைதானமே கோடாய்க் கிடந்தது.
"நீயே சொல், உள்ளே நின்றா பிடித்தாய்?"
சவேரிமுத்து குனிந்து தன் கால்தடத்தைப் பார்த்தான்.
அதன்மேலும் தூசி இறங்கிக்கொண்டிருந்தது.
"தெரியலீங்க."

ஆறு என்று எழுதினேன். மையில்தான்.

மறுவாரம் அவனைச் சூளைக்கு மாற்றினார்கள்.
குடோனில் ஆள் அதிகமாம்.
வரதாச்சாரி கணக்கு முடித்தார்:
ஆறு பருவம், முப்பத்தொரு கேட்ச்,
பதினைந்து ரூபாய் எட்டணா.
இன்னொன்று இருந்திருந்தால் முழுசாய்ப் பதினாறு என்று
அவர் சொல்லவில்லை. நான்தான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்.

அப்புறம் ஒருமுறை பார்த்தேன்.
பஸ் ஸ்டாண்டில் ஏற்காட்டு வண்டி.
ஏணியில் ஏறாமல் தரையில் நின்றே
மூட்டைகளைக் கூரைக்கு எறிந்துகொண்டிருந்தான்.
மேலே நின்ற கிளீனர் பையன் கையை நீட்டினால் போதும்,
மூட்டை அந்தக் கையில் வந்து உட்காரும்.

என் டிரங்குப் பெட்டியையும் எறிந்தான்.
கூலி ரெண்டணா.
எட்டணாவை அவன் உள்ளங்கையில் அழுத்தினேன்.
பார்த்தான். என்னையும் பார்த்தான்.
மடியிலிருந்து எண்ணியெடுத்து
மீதி ஆறணாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.