நூற்றுப் பதினேழு, மேல்தட்டு

சீரம் கிரியேட்டினின் 1.9.
கட்டில் எண் நூற்றுப் பதினேழு, மேல்தட்டு.
பெயர் எழுதக் கூடாதென்பது
நெறிமுறைக் குழுவின் நிபந்தனை.
எழுதவில்லை. ஆனால் தெரியும்:
இருளப்பன், கமுதிப் பக்கம்,
கம்பி கட்டுகிறவர்.

மஹ்பூலாவில் ஆறாவது மாடி.
ஆட்களின் பட்டியலைத் தர
கம்பெனி மறுத்துவிட்டது,
கட்டில்களின் பட்டியலைத் தந்தது.
'ஒரு கட்டில், ஒரு நபர்' என்று
ஆய்வு முன்மொழிவில் நான்தான் எழுதினேன்.
போய்ப் பார்த்தால்
பகல் ஷிப்ட் எழுந்த இடத்தில்
ராத்திரி ஷிப்ட் படுக்கிறது,
விரிப்பில் சூடு ஆறுவதற்குள்.

வகுப்பில் டாக்டர் நவால்
பலகையில் ஒரு கோடு இழுப்பார்.
மேலே எண்ணுவது சுலபம்,
நோயே வந்து கதவைத் தட்டும்.
கோட்டுக்குக் கீழே யார் யார்?
அதைச் சொல்லாமல் சதவீதம் பேசாதீர்கள்.
ஹெஸ்ஸா என் பக்கம் சாய்வாள்:
உங்கள் மொழியில் இதற்கு என்ன?
மேலே தொகுதி, கீழே பகுதி.
பகுதி என்றால் வேறு பொருள் உண்டா?
உண்டு. ஊரில் ஒரு மூலை.

இரண்டாம் சுற்று, ஆகஸ்ட்.
வெயிலில் வேலை கூடாத நண்பகலில் போனோம்.
நூற்றுப் பதினேழில் வேறு இரண்டு கால்கள்.
"அவரு போயிட்டாரு மேடம்.
கால் வீங்கி ஷூ ஏறல,
டிக்கெட் போட்டுட்டாங்க."
கேட்காமலே முழங்கையை நீட்டினார்.
"அதே நம்பர்லயே எழுதிக்கங்க.
ஹெல்மெட்டு அவரோடது, சிம்மு அவரோடது,
அவங்க வீட்டம்மா ரெண்டு தடவ
நான்தான்னு நெனச்சு அழுதுட்டாங்க."

0.8.
லேபிள் ஒட்டியாகிவிட்டது.
1.9 இலிருந்து 0.8.
மென்பொருள் பச்சை காட்டுகிறது:
முன்னேற்றம்.

உடம்பு முடியாதவர் இங்கே இருப்பதில்லை,
ஆகவே இங்கே இருப்பவர்களுக்கு
உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.
இதற்குப் பாடத்தில் ஒரு பெயர் உண்டு:
ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு.
சிறுகுறிப்பு வரைக, ஐந்து மதிப்பெண்.
போன செமஸ்டரில்
ஐந்துக்கு ஐந்து வாங்கினேன்.

0.8ஐ அழித்தேன்.
கட்டம் காலியாக இருந்தால் திரை சிவக்கிறது,
காரணம் தேர்ந்தெடு என்கிறது.
'தொடர்பு விட்டுப்போனது'.
யாரிடமிருந்து யாருக்கு என்று
அடுத்த கேள்வி இல்லை.

பன்னிரண்டே முக்கால்.
ஏசி ஒழுகும் தண்ணீரைப் பெயிண்ட் வாளி பிடிக்கிறது.
பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு
புதியவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.
பட்டியலில் கட்டில்கள் தீர்ந்துவிட்டன.
117அ என்று எழுதி
ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன்.
"உங்க சொந்த நம்பர் ஏதாவது இருக்கா?"
யோசிக்கிறார்.