இரண்டு தடவை வந்த இரண்டு மணி

நுழைவுக் கட்டணம் ஐம்பத்தைந்து டொலர்.
டண்டினோங் சந்தைக்குப் பின்னால்
பதினைந்து நிமிசம் கூட நின்ற காருக்கு
நான் எழுதும் தண்டம் இதைவிட அதிகம்.
கட்டினேன்.

'வளர்ந்துவரும் திரைக்கதை எழுத்தாளர்களுக்கு மட்டும்'
என்று போட்டிருந்தது.
நாற்பத்தாறு வயதில்
முழங்கால் வலியைத் தவிர
வேறெதுவும் என்னில் வளர்ந்துவரவில்லை.
ஆனாலும் படிவத்தில் வயதுக்கு மேல்வரம்பு இல்லை.
இரண்டு முறை பார்த்தேன்.

ஒன்பது வருசமாய் நகரசபையின் நீலச் சட்டை,
கையில் சீட்டடிக்கும் இயந்திரம்.
வசனம் எழுத நான் எங்கும் படிக்கவில்லை.
'இப்பதான் நிறுத்தினேன்.'
'நாய்க்கு மருந்து வாங்கப் போனேன்.'
'உனக்குப் பிள்ளை குட்டி இல்லையா?'
ஒவ்வொரு வைப்பரின் கீழும் ஒரு காட்சி.
சாப்பாட்டு இடைவேளையில்
பழுதாய் வந்த சீட்டுகளின் முதுகில் குறித்து வைத்தேன்.
தொண்ணூற்றேழு பக்கம்.
நேசன் ஒன்றையும் வாசிக்கவில்லை.
'படமாய் வரட்டும், பார்க்கிறேன்' என்கிறார்.

கடைசி நேரம் ஞாயிறு காலை ஆறு மணி.
ஏப்ரலின் முதல் ஞாயிறு.
மூன்று மணியானதும் கடிகாரம்
திரும்பவும் இரண்டுக்குப் போகும் இரவு.
அரசாங்கம் எனக்கு எப்போதாவது
எதையாவது சும்மா தந்ததென்றால்
இந்த ஒரு மணித்தியாலம்தான்.

முதல் இரண்டு மணிக்கு விதிகளை வாசித்தேன்.
தொண்ணூறு பக்கத்தைத் தாண்டினால் திறக்கவே மாட்டார்கள்.
எழுதியவரின் பெயர்
எந்தப் பக்கத்திலும் இருக்கக் கூடாது.

கதாநாயகிக்கு என் பெயரைத்தான் வைத்திருந்தேன்.
வேறு யாருடையதை வைப்பது?
என்னுடைய சட்டை, என்னுடைய முழங்கால்.
தேடு. மாற்று. எல்லாவற்றையும் மாற்று.
இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில்
மங்களேஸ்வரி போய்
சொர்ணா வந்து நின்றாள்.

எண்பத்தோராம் பக்கத்தில் ஒரு வெள்ளை வான்.
பிள்ளைகள் டொக்டரின் வாசல், நிறுத்தக் கூடாத இடம்.
உள்ளேயிருந்து ஒருவன் ஓடி வருகிறான்,
கையில் குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து.
ஒன்றும் சொல்லவில்லை.
காலையிலிருந்து சாட்டுச் சொன்ன ஊரில்
ஒன்றும் சொல்லாத ஒரே ஆள்.
என் கதையில் நான் சீட்டைக் கிழிப்பேன்.
மழை பெய்யும். வயலின் என்றுகூட எழுதியிருந்தேன்.
பிறகு ஏழு பக்கத்துக்கு
அவன் நன்றி சொல்வான், நான் அழுவேன்,
இரண்டு பேரும் கோப்பி குடிப்போம்.

மூன்று மணி வராமல் இரண்டு வந்தது.
அடுப்பிலிருந்த கடிகாரம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

சொர்ணா கிழிக்க மாட்டேன் என்றாள்.
என் பெயர் கழன்றதும்
நல்லவளாய் இருக்கும் வேலையும் அவளுக்குக் கழன்றுவிட்டது.
மூன்று படம் எடுத்தாள்:
முன்பக்கம், பின்பக்கம், இலக்கத்தகடு.
சீட்டை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு
வைப்பரின் கீழ் செருகினாள்.
அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.
அவள் அடுத்த காருக்குப் போனாள்.

இரண்டு வருசத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை
நடந்ததும் அதுதான்.
மழையும் இல்லை.

கோப்பி, கண்ணீர், வயலின்
ஏழு பக்கமும் தானாய்க் கழன்று விழுந்தன.
தொண்ணூறு.

அனுப்பியதும் ஏழு இலக்கத்தில் ஓர் எண் வந்தது.
'இதைப் பத்திரமாக வைத்திருங்கள்.'
எங்கள் சீட்டின் அடியிலும்
ஏறக்குறைய இதேதான் இருக்கும்.
அங்கே மேன்முறையீடு செய்யலாம், இங்கே இல்லை.

நேசன் தண்ணீர் குடிக்க எழும்பி வந்து
நேரம் என்ன என்றார்.
எந்தக் கடிகாரத்தில் என்றேன்.

அவர் திரும்பிப் படுத்த பிறகுதான்
ஞாபகம் வந்தது.
அது இடது காலின் சப்பாத்து.
அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.