மெசலாவ் துறைமுகப் பேரேடு

நான்கு மொழிகளில் நான்கு பேரேடுகள்.
அவற்றில் எனக்கு ஒன்றரை மொழி தெரியும்.
ஈரம் ஏறாதிருக்க பிஸ்கட் டின்னில் அடைத்து
உத்தரத்தின்மேல் வைத்திருக்கிறேன்.
துறைமுக எழுத்தர் நான், செலிஹினா.
பதினைந்து நாளைக்கு ஒரு கப்பல்.
மீதி நாளெல்லாம் கடல்தான் வந்து போகும்,
அதற்குப் பதிவு கிடையாது.

முதல் ஏடு ஜெர்மன்காரர்களுடையது.
எழுத்தெல்லாம் முள்கம்பி.
முதல் வரி: கல், அறுநூறு.
எந்தக் கல் என்று ஊருக்கே தெரியும்.
மலைச்சரிவில் பழைய தலைவர்கள் படுத்திருந்த மேடையைப்
பெயர்த்து, உருட்டி, அலைதாங்கி கட்டினார்கள்.
அதன்மேல் உட்கார்ந்துதான் மதியத்தில்
சுட்ட சீமைப்பலாவும் டின் மீனும் தின்கிறேன்.
உட்காரும்முன் ஒரு சொல் சொல்லிக்கொள்வேன்.
அது எந்த ஏட்டிலும் இல்லை.

பிறகு கொப்பரை. பக்கம் பக்கமாகக் கொப்பரை.
நூற்றுக்கு எட்டு கழிவு, ஈரத்துக்காம்.
எடைக்கல்லுக்குள் ஈயம் ஊற்றியிருந்தது
அது கைநழுவி விழுந்து பிளந்த அன்று தெரிந்தது.
அன்றைய பக்கத்தில் மை கொட்டியிருக்கிறது.

இரண்டாம் ஏடு மேலிருந்து கீழே இறங்கும்.
ஜப்பானிய எண்களில் எனக்கு மூன்றுதான் வசப்பட்டது:
ஒரு கோடு ஒன்று, இரு கோடு இரண்டு, மூன்று கோடு மூன்று.
நான்கில் என்னைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

ஐஸ் ஆலை இருந்ததாம், சினிமாக் கொட்டகை இருந்ததாம்,
ஒரே தெருவில் மூன்று முடிதிருத்தும் கடை,
சூரை மீனைப் புகையிட்டுக் கட்டையாக்கும் கூடம்.
வெயிலேறினால் அந்த வாடை இன்றும்
தபால் நிலையத் தரையிலிருந்து எழும் என்பார் கசியானோ.
குனிந்து முகர்ந்து பார்த்தேன்.
வெறும் சிமெண்ட்.

கப்பல் வராத நாளுக்கு அந்த எழுத்தர்
ஒரு வட்டம் போடுவார்.
வட்டம், வட்டம், வட்டம்.
ஏதோ ஒரு மழை மாதத்தில், ஒரு வட்டத்துக்குள்
இரண்டு புள்ளி, கீழே வளைந்த ஒரு கோடு.
எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அதே கைதான் ஏழு பக்கம் தள்ளி எழுதியிருக்கிறது.
மீன்பிடிக் கப்பலில் வந்த ஓக்கினாவா சமையல்காரர்
விரல் வைத்துப் படித்துச் சொன்னார்:
அரிசி, இருநூறு மூட்டை.
ஆட்கள், நாற்பத்தொன்று.
சிமெண்ட், எண்பது.
எங்கே என்று கேட்டேன்.
விமானத்தளம் போடும் ஏதோ ஒரு தீவு,
பெயரைப் பூச்சி தின்றிருந்தது.
திரும்பி வந்த வரியையும் தேடிப் பிடித்தோம்.
ஆட்கள், இருபத்தாறு.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நான் ஓரத்தில் பென்சிலால் கழித்தேன்.
கழித்தல் எந்த மொழியிலும் கழித்தல்தான்.
விடையைச் சத்தமாகச் சொல்லவில்லை,
வாசலில் கசியானோ நின்றுகொண்டிருந்தார்.
பிறக்குமுன்னே கப்பலேறிய அப்பாவின் பெயரைத்தான்
அவருக்கு வைத்திருந்தார்கள்.

அந்த ஏடு பாதிப் பக்கத்தில் நின்றுவிடும்.
அடுத்தது தட்டச்சில் தொடங்கும்.
இடையில் ஊர் எரிந்தது.
எரிந்ததற்குப் பக்கமில்லை.
மிஞ்சிய புல்டோசர்களை அமெரிக்கர்கள்
கடலில் தள்ளியதற்கு மட்டும் ரசீது உண்டு,
மூன்று பிரதி, மூன்றிலும் கையெழுத்து.
அவற்றின் இருக்கைகளுக்கடியில்தான் எங்கள் பிள்ளைகள்
பேய்க்கணவாய் பிடிக்கிறார்கள்.

நான்காவது என்னுடையது.
இன்று கப்பல் இல்லை.
இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும், விதிப்படி.
மூடியைத் திறந்தேன், பேனா காய்ந்திருந்தது, உதறினேன்.

உள்ளே வந்தது: தண்ணீர், மேல்படிவரை.
போன வருஷம் இரண்டு படி கீழே நின்றது.
வெளியே போனது: அதே தண்ணீர், ஒரு செருப்பு.
கரையில்: கசியானோ, தூண்டிலோடு, இருட்டும்வரை.
மீன்:

கிடையாக மூன்று கோடு போட்டேன்.